முகூர்த்த நாளில் ஓர் இருதய வகுப்பு

டாக்டர்கள் வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவர இன்னொரு டாக்டரை அனுப்புவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் பல வருடமாக இருதயம் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே, அந்த வேலை என் தலையில் விழுந்தபோதுதான் தெரிந்தது. விஷயம் இதுதான். மருத்துவர் பதிவைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு, தொழிலில் புதிதாக வந்ததைப் படித்தேன் என்று மணிக்கணக்கு காட்ட வேண்டும். அந்த மணி, அங்கீகாரம் பெற்ற கருத்தரங்கில் உட்கார்ந்து சம்பாதித்ததாக இருக்க வேண்டும். கருத்தரங்கு நிஜமாகவே நடந்தது, வந்தவர்கள் நிஜமாகவே உட்கார்ந்தார்கள், மருந்துக் கம்பெனிக்காரர் உள்ளே வந்து கடை விரிக்கவில்லை என்று கூடவே இருந்து பார்த்து எழுத ஓர் ஆள் தேவை. அந்த ஆளுக்குப் பார்வையாளர் என்று பெயர். நாகர்கோவிலுக்கு இந்த முறை நான்.

அங்குள்ள இருதய மருத்துவர்கள் சேர்ந்து அங்கீகாரத்தோடு நடத்தும் முதல் கருத்தரங்கு அது. செயலாளர் டாக்டர் சிவதாணு ஒரு வாரமாகத் தினம் என்னைப் போனில் கூப்பிட்டார். எந்த உரை எத்தனை மணிக்கு என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் வராது. “மேடம், ஒண்ணுக்கும் கவலப்படாண்டாம். மீன் சாப்பிடுவீங்கள்லா?” என்பார்.

சனிக்கிழமை விடிகாலையில் நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கினேன். ஸ்டேஷனில் கார் நிற்கும் என்று சொல்லியிருந்தார். நிற்கவில்லை. டிரைவருக்குப் போன் போட்டால், “நான் ஸ்டேசன்லதான் நிக்கேன் மேடம், டவுண் ஸ்டேசன்ல” என்றார். இந்த ஊருக்கு இரண்டு ஸ்டேஷன். கோயம்புத்தூர் ரயில் டவுண் பக்கமே வராது. அதை நான் அவருக்கு விளக்கினேன். “டவுண்ல வண்டி நிறுத்த எளுப்பமாக்கும் மேடம். நீங்க அங்க எறங்கியிருக்கலாம்” என்றார். ரயிலுக்குத் தண்டவாளம் தேவைப்படும் என்பதை நான் மேற்கொண்டு எடுத்துச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு வடசேரி பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் தோவாளை மல்லிகைப் பொட்டலத்தோடு. எங்கே போகிறேன் என்று கேட்டார். மண்டபத்தின் பெயரைச் சொன்னேன். அப்போதுதான், கருத்தரங்கு நடக்கும் இடத்தின் பெயரில் ‘மண்டபம்’ இருக்கிறது என்பது எனக்கே உறைத்தது.

“கல்யாணம் நாளைக்கில்லா? இண்ணைக்கே போறீங்க?”

“கல்யாணம் இல்லைங்க. டாக்டர்கள் கூட்டம்.”

அவர் என் பெட்டியைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். “மண்டபத்துல கல்யாணம்தான் நடக்கும். நீங்க பொண்ணுக்க வீடா, மாப்பிளைக்க வீடா?” என்றார். பேச்சு இழுத்து இழுத்து, பாட்டு மாதிரி கேட்க நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் அறிமுகமில்லாதவரிடம் இவ்வளவு கேட்பதற்குள் நாலு ‘ஏனுங்க’ போட்டிருப்போம். இங்கே வடசேரி வருவதற்குள் என் பிள்ளைகளின் சம்பளம் வரை அவருக்குத் தெரிந்துவிட்டது.

மண்டபம் பெரியது. முன்புறம் கல்யாண அரங்கு, பின்புறம் குளிர்சாதன வசதியோடு ஒரு சின்ன அரங்கு. பின்புறம் நமக்கு. வாசலில் சிவதாணு வேட்டி சட்டையில் நின்றார். தொப்பையும் சிரிப்பும் அவருக்கு முன்னாலேயே வந்து என்னை வரவேற்றன. கார் விஷயத்தைச் சொன்னேன். “அவன் எப்பமும் டவுண்லதான் நிப்பான். வாங்க, புட்டு ஆறிரும்” என்றார். புட்டு, பயறு, பப்படம், மட்டிப்பழம் என்று இலை நிறைந்தது. பிசைந்து சாப்பிடும் முறை தெரியாமல் நான் ஸ்பூன் கேட்டதை அவர் ஒரு நோயின் அறிகுறியைப் போலப் பார்த்தார்.

அரங்குக்குள் போனால் முதல் பிரச்சினை. ஒரு மருந்துக் கம்பெனியின் பெயர் போட்ட பெரிய பேனர். கூடாது என்றேன். உடனே இரண்டு பேர் அதைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். விளக்கு பின்னாலிருந்து விழுந்ததால் அதே பெயர் இப்போது வலமிருந்து இடமாகத் தெரிந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன். அடுத்து, டை கட்டிய ஓர் ஆள் நேந்திரங்காய் சிப்ஸ் தட்டோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். கம்பெனி ஆள் உள்ளே வரக்கூடாது என்று சிவதாணுவிடம் சொன்னேன்.

“அவரு கம்பெனிக்காக வரல்ல மேடம். சமையல்காரருக்க மருமவனாக்கும்.”

“கம்பெனி ஆளா, இல்லையா?”

“கம்பெனிதான். ஆனா இப்ப மருமவனா நிக்கான்.”

சனிக்கிழமை முழுவதும் இப்படியே போனது. எல்லாரும் விழித்திருந்த உரை ஒன்றே ஒன்று. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், தேங்காய் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். அதுவரை தலை தொங்கிக்கொண்டிருந்த அரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒருவர் எழுந்து, “அப்பம் அவியல எதுல தாளிக்கது?” என்று கேட்டார். அவியல் தாளிப்பதில்லை, பச்சையாக ஊற்றுவதுதான் என்று பின் வரிசையிலிருந்து இன்னொருவர் திருத்தினார். மிச்ச நேரம் அந்த வழியிலேயே கழிந்தது. மதியச் சாப்பாட்டில் எல்லாம் தேங்காய் எண்ணெய்தான். உரை நிகழ்த்தியவர் இரண்டாம் முறை எரிசேரி கேட்டு வாங்கியதை நானே பார்த்தேன்.

இந்தக் களேபரத்தில் ஒரே ஒருவர் மட்டும் முதல் வரிசையில் அசையாமல் இருந்தார். டாக்டர் செல்வின். மேற்கே, ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த பகுதியில் ஒரு சின்ன மருத்துவமனை. அடைத்துக்கொண்ட இருதயக் குழாயைத் திறக்கும் வசதி அங்கே உண்டு. அதைச் செய்யத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். போனை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். போன் துடிக்கும்போதெல்லாம் அவர் காலும் சேர்ந்து துடித்தது.

தேநீர் நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. மணி போதவில்லை. இந்த இரண்டு நாளும் முழுதாக இருந்தால் சரியாகிவிடும். ஒரு நாள் போனாலும் ஆகாது.

“முன்னாடியே போயிருக்கலாமே” என்றேன், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி.

“போனேன் மேடம். மதுரைக்குப் போனப்பம் பாதியில கூப்பிட்டாங்க, திரும்பி வந்தேன். இன்னொரு தடவ சென்னைக்குப் போனேன். அண்ணைக்கு நெஞ்சு வலின்னு வந்த ஆள திருவனந்தபுரத்துக்கு அனுப்பினாங்க. களியக்காவிளையில வண்டி பிளாக். ஆம்புலன்சுல வச்சே போயிட்டான். எனக்க வயசுதான் அவனுக்கு.” போனை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டார். “பிறகு நான் எங்கயும் போகல்ல.”

பதிவு காலாவதியானால் அவர் எந்த நோயாளியையும் தொட முடியாது. அந்த இருதயக் குழாய் அறையைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். சிவதாணு இந்தக் கருத்தரங்கை நாகர்கோவிலிலேயே வைக்க அலைந்ததும் பாதி இவருக்காகத்தான் என்று வேறொருவர் சொன்னார். எனக்குச் சிவதாணுமேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அது ஞாயிறு காலைவரை தாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நாதஸ்வரம் சத்தம் ரோட்டிலேயே கேட்டது. பஸ்ஸில் வந்த அம்மாள் சொன்னது சரிதான். முன்னரங்கில் கல்யாணம்.

சிவதாணுவைப் பிடித்தேன். பட்டு வேட்டியில் இருந்தார்.

“இன்றைக்கு இங்கே கல்யாணம் என்று உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம இருக்குமா மேடம்? எனக்க பெஞ்சாதிக்க சொந்தமாக்கும். இங்க இருக்கப்பட்ட எல்லா டாக்டருக்கும் அழைப்பு உண்டு. வேற எடத்துல மீட்டிங் வச்சா ஒருத்தனும் வரமாட்டான். கல்யாணத்த விட முடியுமா? அதுக்காக்கும் தேதி பாத்து இங்கயே வச்சது.”

அவர் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிவிட்டு நான் பாராட்டுவேன் என்று காத்திருந்தார். எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. நாகர்கோவிலில் முகூர்த்த நாளில் முகம் காட்டாத டாக்டருக்கு அடுத்த வாரம் நோயாளி வரமாட்டாராம். அந்தக் குறையை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்களாம். நான் அவருக்கு விதியை ஞாபகப்படுத்தினேன். ஒவ்வோர் அமர்விலும் நான் தலை எண்ணுவேன். ஓர் அமர்வில் இல்லாதவருக்கு அன்றைய நாள் முழுவதும் கிடையாது. “செரி செரி, எண்ணுங்க” என்றார், நான் ஏதோ மொய் எழுத வந்தவள்போல.

முதல் உரை, இருதய ஓசைகளைப் பற்றியது. வால்வு பழுதானால் கேட்கும் மெல்லிய முணுமுணுப்பைப் பேச்சாளர் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். எல்லாரும் காதைக் கூர்மையாக்கினோம். சரியாக அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் கொட்டினார்கள். பேச்சாளர் மூன்று முறை முயன்றார். கடைசியில், “இப்படித்தான் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

இடைவேளையில் குடிக்கத் தண்ணீர் தேடி வெளியே போனேன். திரும்பி வந்தபோது அடுத்த உரை தொடங்கியிருந்தது, அரங்கு நிறைந்திருந்தது. காலையில் இருந்ததைவிடக் கூட்டம் அதிகம். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எண்ண ஆரம்பித்தேன். பட்டுச் சேலைகள் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. நாகர்கோவிலில் இத்தனை பெண் இருதய மருத்துவர்களா என்று வியந்தேன். ஓரத்தில், தங்கச் செயின் போட்ட பெரியவர் ஒருவர் திரையில் ஓடிய இருதயப் படத்தை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காக அவரிடம் கேட்டேன்.

“சாருக்கு எங்கே பிராக்டீஸ்?”

“நமக்கு அருமனை.”

“எதில் ஸ்பெஷலைஸ் பண்ணியிருக்கீங்க?”

“ரப்பர்” என்றார். பிறகு அவராகவே சேர்த்துக்கொண்டார்: “அங்க ஒரே புழுக்கமாட்டு கெடக்கு. இங்க ஏசி உண்டுன்னு பிள்ளைங்க பறஞ்சு. நல்ல படம், கேட்டியளா.”

அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண் வீட்டார். டாக்டர்கள் எங்கே என்று தேடிக்கொண்டு போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. குமரி மாவட்டத்தின் இருதய மருத்துவம் அனேகமாக முழுவதும் முதல் பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பருப்பும் நெய்யும் முடிந்து சாம்பார் ஓடிக்கொண்டிருந்தது. சிவதாணு உட்காரக்கூட இல்லை, வேட்டியை மடித்துக் கட்டிப் பரிமாறிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து ஓர் இலைமுன் உட்கார வைக்கப் பார்த்தார். “சாப்பிடாமப் போனா எங்களுக்குக் கொறச்சலாக்கும்” என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு, பந்தியிலேயே தலை எண்ணினேன். என் பணிக்காலத்தில் இலைகளுக்கு நடுவே நின்று வருகைப்பதிவு எடுத்தது அதுதான் முதல் தடவை.

“டாக்டர் சிவதாணு, இங்கே இருக்கிற யாருக்கும் இன்றைய மணி கிடையாது. உங்களுக்கும் சேர்த்துத்தான்.”

அவர் கரண்டியோடு நின்றார். பக்கத்து இலைக்காரர்கள் கை நின்றது. “அடப்பிரதமன் வரட்டும் மேடம். அதுக்குப் பிறகு வெட்டுங்க” என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் கலக்கமும் இருந்தது. இனி அவர்கள் எல்லாரும் மதுரைக்கோ சென்னைக்கோ போய் அந்த மணியைச் சம்பாதிக்க வேண்டும். எனக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அரங்குக்குத் திரும்பினேன். பட்டுச் சேலைகளுக்கு நடுவே செல்வின் அதே முதல் வரிசை நாற்காலியில் இருந்தார். அவரோடு இன்னும் நாலைந்து பேர். செல்வின் சாப்பிடவும் போகவில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு ரசவடை அவர் கையில் ஆறிப்போயிருந்தது.

மதியத்துக்குப் பிறகு பந்திக்காரர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். மணி கிடைக்காது என்று தெரிந்தும் வந்து உட்கார்ந்தார்கள். வயிறு நிறைந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. “வந்த பேச்சாளருக்கு மரியாதை வேண்டாமா?” என்றார் ஒருவர். இந்த மரியாதை காலையில் எங்கே போயிருந்தது என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

கடைசி உரை, மாரடைப்பு வந்தவரின் குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு இருதயம் பிழைக்கும் என்பதைப் பற்றியது. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செல்வின் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து, வாசலில் நின்ற என்னிடம் வந்தார்.

“மேடம், குளச்சல்ல இருந்து ஒரு ஆள கொண்டு வந்திருக்காங்க. கடலுக்குப் போறவன். எனக்குப் பதிலா இருந்த திருவனந்தபுரம் டாக்டர் மதியமே கிளம்பியாச்சு.” போனில் ஈசிஜியைக் காட்டினார். பார்த்தவுடன் தெரிந்தது. படிக்க ஒன்றும் இல்லை, அத்தனை வெளிப்படையான மாரடைப்பு.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “இப்போ போனால் உங்களுக்கும் இன்றைய நாள் கிடையாது.”

அதைச் சொன்ன என் வாய்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. ஆனால் அதுதான் விதி. காலையில் ஒரு பந்தியையே அதைச் சொல்லித்தான் வெட்டியிருந்தேன்.

“தெரியும் மேடம்” என்றார் செல்வின். “போறேன்.”

“எங்கலே போற?”

சிவதாணு. வாயில் வெற்றிலை. பட்டு வேட்டியில் பாயசக் கறை. செல்வின் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அந்த இரண்டு நாளும் பார்க்காத ஓர் அமைதி வந்தது.

“நீ இரி மக்கா. நான் போறேன்.”

“அண்ணே, நீங்க—”

“எனக்க மணியத்தான் மேடம் காலையிலயே வெட்டியாச்சே. எனக்கு இதுல போறதுக்கு என்ன இருக்கு? அடைப்பு தொறக்க எனக்கும் தெரியும்லா, உனக்க லேபுல உள்ள பயலுவள எல்லாம் பழக்கினது நானாக்கும். இப்ப போன் போட்டு ஆள மேசைல ஏத்தச் சொல்லு.” என் பக்கம் திரும்பினார். “மேடம், இவன் இங்கதான் இருப்பான். நல்லா எண்ணிக்கிடுங்க.”

வெற்றிலையைத் துப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தத் தொப்பையோடு அவர் ஓடியதைப் பார்த்தேன். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அதே டிரைவர் வழியில் எந்த ஸ்டேஷனுக்கும் போகாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டேன்.

செல்வின் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த உரையில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழுந்திருக்காது. நானும் கேட்கவில்லை. பேச்சாளர் நிமிடங்களைப் பற்றித் திரையில் விளக்கிக்கொண்டிருந்தார், நாங்கள் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரங்கில் போன் பார்க்கக் கூடாது என்பதும் நான் எழுதி ஒட்டிய விதிதான். பந்தி டாக்டர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு நாளில் அந்த அரங்கு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

உரை முடிந்து, யாரும் எழுந்து போகாமல் கேள்வி நேரம் நீண்டுகொண்டே போனபோது செல்வின் போனில் படம் வந்தது. முன்பு, பின்பு. அடைத்திருந்த குழாயில் இரத்தம் கடைசிவரை ஓடியிருந்தது. செல்வின் நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்தது. சமையல்காரரின் மருமகன் யாரும் கேட்காமலே பழ பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்தார். நான் தடுக்கவில்லை.

ரயிலில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். செல்வின், இரண்டு நாளும் முழு வருகை. சிவதாணு, இரண்டாம் நாள் வருகை இல்லை. அதற்குமேல் எதுவும் எழுத அதில் இடமில்லை. எழுதி முடித்தபின் மனம் கேட்கவில்லை. அவரைப் போனில் கூப்பிட்டேன். உங்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றேன்.

“அது கெடக்கட்டும் மேடம். சென்னையில அடுத்த மீட்டிங் எப்பம்னு பாத்துச் சொல்லுங்க. நான் போய் ரெண்டு நாளு சும்மா இருந்துட்டு வாறேன். இனி இங்க யாருக்கும் நெஞ்சு வலிச்சா, செல்வின் இருக்கான்லா.”